கத்தியைக் கீழே வைக்கிறோம், கணக்கைக் கேட்கிறோம்

தோட்டத்து லயங்களில் திருட்டுப் பயம் எழும்போதெல்லாம் ஒரு பேச்சும் எழுகிறது. "நம் வீட்டை நாமே காப்போம், கதவுக்குப் பின்னால் ஒரு பாராங் இருக்கட்டும்" என்பார்கள். "சீருடை போட்டவனே அத்துமீறி நுழைந்தால்?" என்று வேறொருவர் கேட்பார். இரண்டுக்கும் நாம் விடை காண வேண்டும், தோழர்களே!

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1860-ல் இந்தியாவில் இயற்றிய தண்டனைச் சட்டத்தை ஒட்டியதே நம் நாட்டுச் சட்டமும். அதன் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையை ஏற்கின்றன. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கையில் அவன் உயிர் போனாலும், தேவைக்கு மேல் தீங்கு செய்யாதவரை, சட்டம் நம்மைக் குற்றவாளி ஆக்குவதில்லை. ஆனால் தப்பி ஓடுபவனைத் துரத்தி வெட்டினால் அது தற்காப்பு ஆகாது. துப்பாக்கியோ, 1960-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கூடவே கூடாது. 1971-ம் ஆண்டுச் சட்டம் அதற்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது.

போலீசார் விஷயம் வேறு. கடமையின் பெயரால் நல்லெண்ணத்தோடு அவர்கள் செய்வது சட்டத்துக்கு முற்றும் பொருந்தாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இல்லாதபோது எதிர்த்துத் தாக்க நமக்கு உரிமையில்லை என்கிறது 99-ம் பிரிவு. சரி, கத்தியைக் கீழே வைக்கிறோம். நம் கையைக் கட்டிய அரசு, சீருடைக்காரரின் செயலுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?

கணக்கில்லாத ஆயுதம் என்ன செய்யும் என்பதற்கு நம் வட்டாரமே சாட்சி. 1948 டிசம்பரில் பத்தாங்காலி ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். உறவினர் கேட்ட பகிரங்க விசாரணையை 2015-ல் இலண்டன் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

அது வெள்ளையர் காலம் என்று தள்ளிவிட முடியுமா? 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா போலீஸ் காவலில் இளைஞர் குகன் மாண்டார். நுரையீரலில் நீர் கோத்தது என்றது முதல் பரிசோதனை. இரண்டாவது பரிசோதனையோ அடியின் கொடுமையை வெளிக்காட்டியது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள். அதுவும் காயம் விளைவித்ததாகவே! 2013-ல் உயர்நீதிமன்றம் 8,01,700 ரிங்கிட் நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தத் தாய் வழக்காடியிராவிட்டால் உண்மை குழியோடு போயிருக்கும்.

போலீசை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டுமென 2005-லேயே அரச விசாரணைக் குழு பரிந்துரைத்தது. 2022-ல்தான் சட்டம் வந்தது. 2023 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஆனால் விசாரித்துப் பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது என்றே அது இயற்றப்பட்டது. பல்லில்லாத நாய் குரைத்தால் கள்வன் அஞ்சுவானா?

ஆகவே நாம் கேட்பது ஆயுதமல்ல. தண்டிக்கும் அதிகாரமுள்ள ஆணையம். அதற்கு ஒவ்வொரு கிளையும் தீர்மானம் நிறைவேற்றி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுக்க வேண்டும். பால்மரம் வெட்டும் தோழரும் கிராணியும் மூன்றை மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்: கைதானால் காரணம் கேட்கலாம், உறவினரையும் வழக்கறிஞரையும் அழைக்கலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும்.

பாராங் ஒரு வீட்டைக் காக்கலாம். எல்லா வீட்டையும் காப்பது நீதி ஒன்றே. அதை ஒன்றுபட்டுக் கேட்போம்!