பெட்டியில் போட்ட எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்

பேரன் பேத்திகளுக்குக் கணினி விளையாட்டு மவுஸும் ஜாய்ஸ்டிக்கும் வாங்கிக் கொடுக்கும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் கடைக்குப் போனால் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். "விளையாட்டுக்குத்தானே, இருப்பதிலேயே மலிவானதைக் கொடு" என்கிறோம். இல்லாவிட்டால், "பேரனுக்கு, நல்லதாகக் கொடு" என்று சொல்லிவிட்டு, எந்தப் பெட்டியில் பெரிய எண் போட்டிருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். இரண்டும் தப்பு. இரண்டு தப்பையும் செய்தவன் நான்.

முதல் தப்புக்குக் காரணம் விளையாட்டு மேல் நமக்குள்ள இளக்காரம். கணினியில் ஆடுவதெல்லாம் சூதாட்டம் என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறோம். பணம் கட்டி ஆடும் ரம்மி வேறு, பிள்ளைகள் ஆடும் கார் பந்தயமும் கிரிக்கெட்டும் வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே இந்தக் கோட்டைப் போட்டுவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் தடை செய்த அதே சட்டம், ஈ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி விளையாட்டை அங்கீகரிக்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். பிள்ளை எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை வீட்டில் பேசித் தீர்க்கலாம். ஆட விடுவது என்று முடிவான பிறகு உருப்படாத கருவியைக் கையில் கொடுப்பது சிக்கனம் ஆகாது. மட்டை உடைந்தால் வேறு மட்டை வாங்கித் தருகிறோம் அல்லவா?

2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதும், டெல்டாவில் எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கணினி வந்தது அப்படித்தான். மடிக்கணினியில் விரலால் தடவும் பலகையை வைத்துக்கொண்டு விளையாட முடியாது. ஆகவே மவுஸ் வாங்கப் போனோம். அங்கேதான் இரண்டாவது தப்பு காத்திருந்தது.

விளையாட்டு மவுஸ் பெட்டிகளில் கொட்டை எழுத்தில் 12,800 என்றும் 16,000 என்றும் 'டி.பி.ஐ.' போட்டிருக்கிறார்கள். எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. அது என்னவென்று கடைப் பையனைக் கேட்டேன். "பவர் சார்" என்றான். அது பவர் இல்லை. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி எத்தனை புள்ளி நகரும் என்பதற்கான கணக்கு, அவ்வளவுதான். சாதாரணத் திரையின் அகலம் 1,920 புள்ளி. 800 டி.பி.ஐ. வைத்தால், மேசையில் சுமார் ஆறு சென்டிமீட்டர் நகர்த்தும்போது அம்புக்குறி திரையைக் கடந்துவிடும். 16,000 வைத்தால் மூன்று மில்லிமீட்டர் போதும். ஒரு நெல்மணியின் பாதி நீளம்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு யார் குறிபார்ப்பது? போட்டிகளில் ஆடித் தேர்ந்தவர்களில் பெரும்பாலோர் 400லிருந்து 1,600க்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, மலிவு மவுஸ் பலவற்றில் உள்ளே இருக்கும் சென்சார் அந்தப் பெரிய எண்ணை எடுப்பதே இல்லை. சின்ன எண்ணை எடுத்து, பெருக்கிக் காட்டுகிறது.

நமக்கு இது தெரியாத விஷயம் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டினால் சாக்கின் நிறத்தையா பார்க்கிறார்கள்? ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தேவையான எண்ணைக் கேட்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். மவுஸ் கடையில் மட்டும் ஏன் சாக்கைப் பார்த்து ஏமாறுகிறோம்?

மவுஸில் கேட்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அது கணினிக்கு நொடிக்கு எத்தனை முறை தகவல் சொல்கிறது என்பது. அலுவலக மவுஸ் 125 முறை சொல்லும். விளையாட்டுக்கு 1,000 முறை சொல்வது நல்லது. இப்போது 8,000 என்றும் விற்கிறார்கள். வீட்டில் உள்ள சாதாரணத் திரை நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றுகிறது. அந்தத் திரைக்கு எதற்கு 8,000? மினுக்கும் வண்ண விளக்குகளுக்கும் இதே பதில்தான். கையால் மூடிக்கொண்டு ஆடும் பொருளுக்குள் விளக்கு எதற்கு?

இனி என் கதை. முதலில் பேரனுக்கு 300 ரூபாய் மவுஸ் வாங்கினேன். ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாகக் கணக்குக் காட்டத் தொடங்கியது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, பெரிய எண்ணும் விளக்கும் உள்ள ஒன்றை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பையன் மூன்று நாள் ஆடிவிட்டு மூலையில் வைத்துவிட்டான். கேட்டால், "எனக்கு கேம் வரல தாத்தா" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் கழித்து அவன் பழைய மவுஸை எடுத்து ஆடுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பையன் இடதுகைக்காரன். நான் வாங்கியது வலது உள்ளங்கைக்கு வளைத்துச் செய்த மவுஸ். இடது கையில் அது உட்காரவே உட்காராது. அவன் வலது கையால் திண்டாடிப் பார்த்துவிட்டு, குறை தன்னிடம் என்று முடிவு செய்திருக்கிறான். பீச்சாங்கை என்று சொல்லிப் பிள்ளைகளை அடித்த தலைமுறை நாம். அந்த அடியை நான் 2,800 ரூபாய் செலவு செய்து கொடுத்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன். மவுஸைக் கைக்கு வாங்குங்கள், கண்ணுக்கு வாங்காதீர்கள். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய், பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அவன் கையில் கொடுங்கள். சின்னக் கைக்குச் சின்ன மவுஸ், இடதுகைக்கு இருபுறமும் ஒரே வடிவில் உள்ள மவுஸ். பக்கத்தில் உள்ள இரண்டு பொத்தான்கள் பெரும்பாலும் வலதுகைக்காரரின் கட்டைவிரலுக்குத்தான் வைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். ரப்பர் பூச்சுப் பூசியது வேண்டாம். நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சில வருஷத்தில் அது பிசுபிசுவென்று ஒட்டும். வெறும் பிளாஸ்டிக் போதும். கம்பி உள்ளதே போதும், பேட்டரிக் கவலை கிடையாது. 1,000 ரூபாயிலிருந்து 2,000க்குள் நல்ல கம்பி மவுஸ் கிடைக்கிறது. பில் கேட்டு வாங்குங்கள், உத்தரவாதத்துக்கு அதுதான் ஆதாரம்.

வாங்குமுன் காசில்லாமல் ஒரு வேலை செய்து பாருங்கள். விண்டோஸின் மவுஸ் பகுதியில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒன்று இருக்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். கை நகரும் வேகத்துக்குத் தக்கபடி அம்புக்குறியின் தூரத்தை மாற்றும் வேலை அது. எடுத்துவிட்டால் கை ஒரு அளவுக்குப் பழகும். பழைய மவுஸே போதும் என்று பையன் சொன்னாலும் சொல்வான். இரட்டைச் சொடுக்கு வந்த மவுஸையும் எறிய வேண்டாம். உள்ளே மூன்று கால் உள்ள ஒரு சின்ன சுவிட்ச், அதுதான் தேய்கிறது. டி.வி. ரிப்பேர் செய்பவர் பற்றவைத்து மாற்றிக் கொடுப்பார். நான் எறிந்த 300 ரூபாய் மவுஸுக்கும் அதுதான் வியாதி.

ஜாய்ஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். காரைக்காலில் பிரெஞ்சில் படித்த எனக்கு அதன் பெயர் 'மான்ஷ் ஆ பலே'. துடைப்பக்கட்டை என்று அர்த்தம். விமான விளையாட்டு ஆடாத வீட்டில் அந்தக் கட்டை துடைப்பத்துக்குக்கூட ஆகாது. காருக்கும் கிரிக்கெட்டுக்கும் பந்துக்கும் இரண்டு கையாலும் பிடிக்கும் கேம்பேட் போதும். அதில் உள்ள இரண்டு சின்னக் குச்சிகள்தான் உயிர். நம் ஊர் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து நடுவுக்கு வரவேண்டும். வராவிட்டால், பிள்ளை தொடாமலே கார் ஒரு பக்கமாக இழுக்கும். பெரும்பாலான கேம்பேடுகளில் குச்சிக்கு அடியில் உரசும் தடம் இருக்கிறது, உரச உரசத் தேயும். காந்தத்தால் வேலை செய்யும் 'ஹால் எஃபெக்ட்' குச்சியில் உரசலே இல்லை. எட்வின் ஹால் அந்த விளைவைக் கண்டுபிடித்தது 1879இல். 1998இலேயே சேகா கம்பெனி தன் ட்ரீம்காஸ்ட் கேம்பேடில் அதைப் பயன்படுத்தியது. பெட்டியில் அந்த வார்த்தை இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். 'எக்ஸ்இன்புட்' என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். அது இல்லாத மலிவுக் கேம்பேடைப் புது விளையாட்டுகள் பல கண்டுகொள்வதே இல்லை.

அரசு அலுவலகத்தில் விலைப்புள்ளி வாங்கி ஒப்புநோக்குப் பட்டியல் போட்டே காலம் கழித்தவன் நான். குறைந்த விலைப்புள்ளிக்கு ஆர்டர் கொடுத்து, அந்தச் சாமானை வருஷத்துக்கு மூன்று முறை மாற்றிய கோப்புகளை என் கையாலேயே கட்டி வைத்திருக்கிறேன். பட்டியலில் எல்லாப் பத்தியும் இருக்கும், பயன்படுத்தப்போகிறவன் கை என்ற பத்தி மட்டும் இருக்காது. வீட்டிலும் அதே பட்டியலைப் போட்டேன்.

இப்போது பையனிடம் இருபுறமும் ஒரே வடிவில் உள்ள மவுஸ் இருக்கிறது. பெட்டியில் போட்டிருந்த எண் முந்தையதில் பாதிதான். அவனே கையில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான், 1,100 ரூபாய். ஆட்டம் வரவில்லை என்று அப்புறம் அவன் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால்தான் வரமாட்டேன் என்கிறான்.