கோழிக்குப் புழு தலைவிதியா?

"நாட்டுக்கோழிக்கு எதுக்கம்மா மருந்து? அதெல்லாம் பண்ணைக் கோழிக்குத்தான். நாட்டுக்கோழி இரும்பு மாதிரி, ஒன்றும் வராது, போ!"

ஒரு கால்நடை மருந்தகத்தின் வாசலில், அரைநாள் கூலியை விட்டுவிட்டுக் கூடையில் கோழியோடு வந்து நின்ற விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்குக் கிடைத்த பதில் இது. பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். நாலாம் நாள் அந்தக் கோழி சுருண்டு விழுந்தது. புதைப்பதற்கு முன்னால் வயிற்றை அறுத்துப் பார்த்தோம். சிறுகுடல் நெடுக, விரல் நீளத்துக்கு, சேமியாவை அள்ளித் திணித்தது போல வெள்ளை வெள்ளையாகப் புழு! "இரும்புக்குள்ளே இவ்வளவு துருவா அண்ணே?" என்று கேட்டார் அந்த அம்மாள். என்னிடம் பதில் இல்லை.

எட்டுக் கோழிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கனவான்களுக்குச் சிரிப்பு வரலாம். நடவுக் கூலி அரிசிக்கும் கடனுக்கும் போய்விடுகிறது. மில் சம்பளமும் அப்படித்தான். முந்தானையில் முடிந்து வைக்க ஒரு பெண்ணுக்கு மிஞ்சுவது முட்டைக் காசுதான். பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி பஸ் சார்ஜும் அதிலிருந்துதான் வருகின்றன. அவர் இறைக்கும் நொய்யில் பாதியைப் புழு தின்கிறது. கோழியோ எலும்பும் தோலுமாக நிற்கிறது. வியாபாரி வந்து தூக்கி, கத்தி போல் துருத்தும் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து, விலையைப் பாதியாக்கிவிட்டுப் போகிறான். பக்கத்து வீட்டுக்காரி கண் போட்டுவிட்டாள் என்று அப்புறம் இரண்டு குடும்பத்துக்குள் சண்டை வேறு!

(புழுவைப் பண்ணையாருக்கு உவமை சொல்லிக் கைதட்டல் வாங்கும் பேச்சாளர்கள் நம்மிடமும் உண்டு. நான் நிஜப் புழுவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.)

"பண்ணைக் கோழிக்குத்தான் மருந்து" என்பது உண்மையைத் தலைகீழாக நிறுத்துகிற பேச்சு. நாமக்கல் முட்டைப் பண்ணையில் கோழி கம்பிக் கூண்டில் நிற்கிறது. எச்சம் கீழே விழுந்துவிடுகிறது. மண்ணைக் கிளறாத கோழிக்குப் புழு முட்டை எங்கிருந்து வரும்? ஐரோப்பாவில் 2012-ம் ஆண்டு முதல் பழைய மாதிரிக் கூண்டுகளைத் தடை செய்தார்கள். கோழிகள் மீண்டும் தரையில் இறங்கின. கூடவே உருண்டைப்புழுவும் பெரும் பிரச்னையாகத் திரும்பி வந்தது. ஆகவே குடற்புழு மருந்து யாருக்கு அதிகம் தேவை? குப்பைமேட்டைக் கிளறி வாழும் நம் வீட்டுக் கோழிக்குத்தான்!

புழு வரும் வழியில் மர்மம் எதுவும் இல்லை. எச்சத்தோடு புழுவின் முட்டை மண்ணில் விழுகிறது. ஈரமும் சூடும் இருந்தால் சுமார் பத்து முதல் இருபது நாளில் அது நோய் தரும் பக்குவத்துக்கு வருகிறது. அதைக் கோழி கொத்தித் தின்றால் ஐந்து முதல் எட்டு வாரத்தில் வயிற்றுக்குள் பெரிய புழுவாகி மறுபடி முட்டை போடுகிறது. மூன்று மாதத்துக்குட்பட்ட குஞ்சுகள்தான் அதிகம் அடிபடுகின்றன. இந்தக் கணக்கிலேயே வழியும் இருக்கிறது. கூட்டை வாரம் ஒரு தடவை சுரண்டி எடுத்தால் முட்டை பக்குவம் ஆவதற்கு முன்பே போய்விடும். கூட்டை வெயில்படக் காயவிட வேண்டும். வெயிலும் காய்ச்சலும் அந்த முட்டைக்கு எமன். நிழலும் ஈரமும் இருந்தாலோ மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இனி சந்தையில் புட்டி விற்கிற ஆசாமியின் புரட்டுக்கு வருவோம். "ஒரே மருந்து, எல்லாப் புழுவும் காலி" என்கிறான். பச்சைப் பொய்! மலிவாகக் கிடைக்கும் பைப்பரசின் பெரிய உருண்டைப்புழுவைத் தள்ளும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. எச்சத்தில் அரிசி மாதிரி வெள்ளைத் துண்டு தெரிந்தால் அது நாடாப்புழு. எறும்பு, வண்டு, ஈ இவற்றைத் தின்பதால் வருவது. அதற்கு நிக்லோசமைட், பிராசிகுவாண்டெல் என்று வேறு மருந்து உண்டு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையை ஒன்றரைக் கிலோ கோழியின் தொண்டையில் முழுசாகத் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். எடைக்குத் தக்க அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையைத் தின்னவோ விற்கவோ கூடாது என்பதையும் கேட்டு வாங்குங்கள். வேப்பிலையும் பூண்டும் அரைத்துக் கொடுக்கும் தாய்மார்களை நான் பரிகசிக்கவில்லை. புழு போயிற்றா என்று அடுத்த முறை கோழி அறுக்கும்போது குடலைப் பிளந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்காரர் மட்டும் மருந்து கொடுத்துப் பயன் இல்லை. கோழிக்கு வேலி கிடையாது. அடுத்த வீட்டு எச்சத்திலிருந்து பழையபடி தொற்றும். இந்த விஷயம் சர்க்காருக்குத் தெரியாததல்ல. 2015 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்களே, ஏன்? ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விட்டால் காரியம் ஆகாது என்பதால்தானே? அந்த நியாயம் கோழிக்குப் பொருந்தாதா?

ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக் கழிச்சலுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் வயிற்றில் புழு நிறைந்த கோழிக்குத் தடுப்பூசி முழுப்பலன் தராது. ஒன்றிரண்டு வாரம் முன்பே புழு நீக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்களே சொல்கிறார்கள். சில முகாம்களில் புழு மருந்தும் தருகிறார்கள், ஊசி போடும் அன்றைக்கே! அதுவும் காலை பத்து மணிக்கு. அந்நேரம் கோழி மேய்ச்சலில், பெண்கள் வயலில், ஆண்கள் மில் ஷிப்டில். யாரைப் பிடித்து யாருக்கு ஊசி போடுவது? "ஜனங்கள் ஒத்துழைப்பதில்லை" என்று ரிப்போர்ட் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கோழியைப் பிடிக்க இரண்டே நேரம்தான் உண்டு. ஒன்று, விடியலில் கூடு திறக்குமுன். மற்றது, பொழுது சாய்ந்து கோழி அடைந்த பின். முகாம் அந்த நேரத்தில் வரவேண்டும். ஜனவரி நடுவில் தெரு முழுவதற்கும் ஒரே நாளில் புழு மருந்து, பிப்ரவரியில் ஊசி, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மருந்து. எட்டுக் கோழிக்கு வேண்டிய அளவை மருந்தகத்திலேயே அளந்து தரவேண்டும். அக்டோபர் 2-ந் தேதி கிராம சபையில் தாய்மார்கள் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை கோழி என்ற கணக்கை இப்போதே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.