நட்ட இடத்தில்தான் அது நடுகல்

சீனாவின் சியான் நகருக்கு அருகே 1974இல் கிணறு வெட்டிக்கொண்டிருந்த உழவர்களுக்குச் சுடுமண் உருவத்தின் துண்டுகள் கிடைத்தன. பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாக மண்ணுக்குள் நிறுத்தப்பட்ட படை வெளிச்சத்துக்கு வந்தது அப்படித்தான். சுமார் எட்டாயிரம் வீரர்கள் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த வியப்பைவிட, அடுத்து அவர்கள் எடுத்த முடிவுதான் நமக்குப் பாடம். உடைந்தவற்றை ஒட்டிச் சீராக்கி, அப்படிச் சீரான வீரர்களில் பெரும்பாலோரை அந்தக் குழியிலேயே மறுபடியும் வரிசையாக நிறுத்தினார்கள். குழியின் மேலேயே கூரை போட்டு, 1979இல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பேரரசர் கிடக்கும் மேட்டை இன்றுவரை தோண்டவில்லை. மண்ணைவிட்டு வெளியே வந்த வீரர்களின் மேனியில் இருந்த வண்ணப்பூச்சு, காற்றுப் பட்டதும் சுருண்டு உதிர்ந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். எடுத்துப் பார்க்கும் ஆசையைவிட இருந்த இடத்தில் காப்பதே மேல் என்று அவர்கள் முடிவுசெய்ததை, தருமபுரி மாவட்டம் இன்று கவனித்தாக வேண்டும்.

இங்கே பேரரசர் கல்லறை எதுவும் இல்லை. நம்மிடம் இருப்பது நடுகல். ஊரின் மாட்டு மந்தையை எதிரி ஓட்டிச் சென்றபோது மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊரார் நட்ட கல். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுக்க வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் அவை நிற்கின்றன. கையில் வில்லும் வாளும், உடம்பில் தைத்த அம்புகள், சில கற்களில் காலடியில் ஒரு கெண்டி. மேலே வட்டெழுத்தில் நான்கைந்து வரிகள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறு, மீட்டுப் பட்டவன் யார் மகன் என்று அந்த வரிகள் சொல்லும். தொறு என்றால் மாட்டு மந்தை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் காட்டுகிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்து வைத்திருக்கிறது. சீனப் பேரரசரின் கல்லறைக்கு உழைத்தவர்கள் ஏழு லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதினார். அவர்களில் மிகச் சிலரின் பெயர்தான், புதைகுழியில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் மிஞ்சியிருக்கிறது. இங்கே ஒரு நாய்க்குக்கூடக் கல்லில் பெயர் உண்டு.

இந்தக் கற்களைப் பெயர்த்து நகரத்துக்குக் கொண்டுவருவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் சொல்லும் ஆறு படிகளில் நடுதலும் ஒன்று, பெயரே நடுகல்தானே! மந்தை போன வழியையும் வீரன் விழுந்த ஊரையும் ஏரியையும் குன்றையும் வைத்துப் படித்தால்தான் அந்த நான்கு வரிக்கு உயிர் வரும். பெயர்த்த கல்லில் எழுத்து இருக்கும், இடம் போய்விடும். இடம் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தகடூரே, அதாவது பழைய தருமபுரியே சாட்சி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின், அவனுடைய நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைப்பதை ஔவை புறநானூற்றில் பாடினார். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானா என்று கலங்கினார். பாட்டு இருக்கிறது, அந்தக் கல் நின்ற இடத்தை இன்று யாராலும் கைகாட்ட முடியாது.

காட்டிலும் மேட்டிலும் கிடந்தால் திருட்டுப் போகாதா, சாலை விரிவாக்கத்தில் புதையாதா, கல் குவாரியில் உடையாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இடத்தில் காப்பதைப் பிடித்துக்கொண்ட சீனர்களும், 1980இல் நொறுங்கிக் கிடைத்த வெண்கலத் தேர்களைக் குழியிலிருந்து எடுத்துச் சீர்செய்து அரங்கில்தான் வைத்தார்கள். தாங்காது என்று தெரிந்த பொருளை எடுக்கத்தான் வேண்டும். ஏற்கெனவே இடம்பெயர்ந்த கல்லுக்கும் அழியப்போகும் கல்லுக்கும் தருமபுரி நகரில் உள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் தேவை. அதை நான் மறுக்கவில்லை. அது கடைசி வழியாக இருக்கட்டும், முதல் வழியாக வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு தரப்பு வழிபாட்டையே குற்றம் சொல்கிறது. வேடியப்பன் என்று பெயர் சூட்டி எண்ணெய் பூசுகிறார்கள், மஞ்சள் அப்புகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், எழுத்து தூர்ந்துபோகிறது என்கிறார்கள். உண்மைதான். எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரக் கரியும் ஏறிய கல்லில் வட்டெழுத்தின் வளைவைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆனால் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அந்தக் கல்லை உடைத்து வேலிக்கல் ஆக்காமல் தடுத்தது எது? எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில் அதைக் காத்தது பொங்கல் வைத்த கைதான். மாநிலத்தின் தொல்லியல் சட்டம் 1966இல்தான் வந்தது. இன்றும் சிதறிக் கிடக்கும் கல் ஒவ்வொன்றையும் அறிவிக்கை செய்து காவலர் போட அரசால் ஆகாது. பூசாரியைப் பகையாளி ஆக்கிவிட்டு இந்த மாவட்டத்தில் ஒரு கல்லையும் காக்க முடியாது.

ஆகவே முதலில் ஒவ்வொரு கல்லுக்கும் மைப்படி எடுக்க வேண்டும். எழுத்து என்ன சொல்கிறது என்பதை ஊர்க்கூட்டத்தில், அந்த ஊர்ப் பேச்சிலேயே படித்துக் காட்ட வேண்டும். எழுத்து இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வீரனின் காலடியில் எண்ணெய் ஊற்றச் சொன்னால் ஊரார் மறுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அது தங்கள் ஊர்ப் பெயர் என்று தெரிந்தால் அவர்களே துடைத்து வைப்பார்கள். கல் நிற்கும் நிலம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏறட்டும். சாலைக்கு அளவுக்கல் நடும்போதே அது கண்ணில் படும். வெயிலும் மழையும் அறையும் இடத்தில் நாலு தூணும் ஒரு கூரையும் போதும். அகழ்வைப்பகத்தில் இருக்கும் கற்களுக்குப் பக்கத்திலும் காலத்தோடு நிறுத்திவிடாமல், எந்த ஊரில், எந்த ஏரிக்கரையில், எந்தத் திசை பார்த்து நின்றது என்று எழுதி வைக்கலாம். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவருக்கு அது சொந்த ஊராக இருக்கும்.