கடல் கடந்த பிள்ளைகளின் மனம்

சென்னை சர்க்கார் நடத்தி வரும் “வேர்களைத் தேடி” என்னும் திட்டத்தின் கீழ், பதினெட்டு வயது முதல் முப்பது வயது வரையுள்ள அயல்நாட்டுத் தமிழ் வாலிபர்களும் யுவதிகளும் சில வருஷங்களாக நமது நாட்டைச் சுற்றிப் பார்த்துச் செல்கிறார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலேயே கப்பலேறிப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். தமிழைக் கேட்டால் புரியும், பேச வராது என்பவர்களும் இவர்களில் உண்டு. கேட்டாலும் புரியாதவர்களும் உண்டு. தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். இத்திட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் இப்பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயங்களைச் சற்றே காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு ஒன்று விளங்கும். கல்வெட்டையும் சிற்பத்தையும் விட அவர்கள் மனத்தை அதிகமாக அரிப்பது வேறு கேள்விகளே. ‘நான் யார்? பிறந்த நாட்டிலும் அந்நியன், பாட்டன் நாட்டிலும் விருந்தாளி என்றால் எனக்கு ஊர் எது? இரவில் உறக்கம் வராமல் நெஞ்சு பதைக்கும்போது அதை வீட்டில் எந்தப் பாஷையில் சொல்வது?’

இதை ஏதோ வசதி படைத்தவர்களின் புதுப் பாஷை என்று நம்மில் பெரியவர்கள் பலர் தள்ளிவிடுகிறார்கள். ‘எங்கள் காலத்தில் பட்டினியும் பார்த்தோம், புயலும் பார்த்தோம், எவனுக்கு மனச்சோர்வு வந்தது?’ என்று கேட்கிறார்கள். இக்கேள்வியைக் கேட்பவர்கள் சரித்திரம் அறியாதவர்கள் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

பிஜித் தீவுக்கு 1879-ம் வருஷம் முதல் 1916-ம் வருஷம் வரை சுமார் அறுபதினாயிரம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1903-ம் வருஷத்திலிருந்து சென்னைத் துறைமுகத்திலும் ஆள் ஏற்றப்பட்டது. அங்கே கரும்புத் தோட்டங்களில் தற்கொலை செய்துகொண்டு மாண்டவர்களின் விகிதம், அவர்கள் விட்டு வந்த ஜில்லாக்களில் இருந்ததை விடப் பன்மடங்கு அதிகமாயிருந்தது. ஆண்ட்ரூஸ் துரையும் பியர்ஸன் துரையும் அத்தீவுக்கு நேரில் சென்று விசாரித்து 1916-ம் வருஷம் வெளியிட்ட அறிக்கையில் இக்கொடுமை முக்கிய இடம் பெற்றது. பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்ற பாட்டை அத்தீவின் இந்திய ஸ்திரீகளை நினைத்தே எழுதினார். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் ஏற்றிய வெள்ளை அதிகாரிகளோ, பெண் விஷயமான பொறாமையே இச்சாவுகளுக்குக் காரணம் என்று எழுதி வைத்துக் கைகழுவினார்கள். பின்னாளில் பிஜியிலேயே, ஓர் ஒப்பந்தக் கூலியின் பேரனாகப் பிறந்து சரித்திராசிரியராக விளங்கிய பிரிஜ் லால், பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்து அக்காரணம் போதாது என்று காட்டினார். குடும்பம், உறவு, கோவில், ஊர்க் கட்டுப்பாடு ஆகிய தாங்கு கம்புகள் அனைத்தும் ஒரே கப்பல் யாத்திரையில் முறிந்து போனதையே அவர் பெரிய காரணமாகக் கண்டார். ஆகவே கடல் கடந்தவர்களின் மனவேதனை நேற்று முளைத்ததன்று. தேசிய இயக்கம் அக்காலத்திலேயே அதைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டது. வழக்கு முடிந்தது, வேதனையை நாம் மறந்தோம்.

தஞ்சை ஜில்லாவுக்கு இதில் உரிய பங்கு சிறிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்த காலத்தில், மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த முக்கியமான ஜில்லாக்களில் இதுவும் ஒன்று. இன்று சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிள்ளையை அனுப்பாத தெரு இந்த டெல்டாவில் எத்தனை இருக்கும்? 2020-ம் வருஷத்து நோய்க் காலத்தில் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர்களில் நமது பிள்ளைகளும் இருந்தார்கள். ஓர் அறையில் பலர், வெளியே செல்லத் தடை, நாட்கள் மாதங்களாகியும் விடுதலை இல்லை. ஊரிலிருந்து பேசியவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், சம்பளத்தைப் பற்றிக் கேட்டார்கள். உறக்கம் வருகிறதா என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நமது வீடுகளில் அன்பு குறைவில்லை. ஆனால் அந்த அன்புக்கு நல்ல செய்தி மட்டுமே கேட்டுப் பழக்கம். தொலைபேசியின் கண்ணாடியில் முகம் தெரிகிறது. ‘இளைத்து விட்டாயே, அப்பா’ என்கிறாள் தாய். ‘வெளிச்சம் சரியில்லை, அம்மா’ என்கிறான் மகன். அவ்வளவோடு அந்த விஷயம் முடிந்தது. பிறகு தங்கையின் கல்யாணம், வீட்டுக்குத் தளம் போடுவது, மேட்டூர் திறப்பது, குறுவை வருமா வராதா என்பது. மகனும் தன் சோர்வைச் சொல்லித் தாயின் உறக்கத்தைக் கெடுக்க விரும்புவதில்லை. இரு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு இரு பக்கமும் தனித்து நிற்கின்றன.

வேர் என்ற சொல்லைப் பற்றி இந்த ஜில்லாவில் வசிக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு. நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று முதல் சில நாட்கள் வெளுத்துச் சோர்ந்து நிற்கும். வேர் பிடித்துப் பச்சை கட்டும் வரையில் விவசாயி வயலை வற்ற விடமாட்டான். வெளுத்தது ஏன் என்று நாற்றை வைவதுமில்லை. இங்கிருந்து போகிறவனுக்கு இந்த உவமை பொருந்தும். ஆனால் கோலாலம்பூரிலோ டர்பனிலோ டொராண்டோவிலோ பிறந்தவன் பறித்து நட்ட நாற்றல்லன். அந்த மண்ணிலேயே விதைத்து முளைத்தவன். அவன் வேர் அங்கேதான் இருக்கிறது. விதை எந்த ஊர்க் குதிரிலிருந்து போனது என்று அறிய அவன் இங்கே வருகிறான். ‘தமிழ் தெரியாதா? நீயெல்லாம் என்ன தமிழன்!’ என்று அவனைப் பரீட்சை செய்ய நமக்கு என்ன அதிகாரம்?

தில்லையாடி வள்ளியம்மையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்பெண் பிறந்தது தில்லையாடியில் அன்று. ஜோஹான்ஸ்பர்க்கில், 1898-ம் வருஷத்தில். பழைய தஞ்சை ஜில்லாவில் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள அவ்வூர் அவளுடைய பெற்றோர் வழியில் வந்தது. 1913-ம் வருஷம் தென்னாப்பிரிக்க நீதிபதி ஸெர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடவாத விவாகங்களின் அஸ்திவாரத்தையே அந்நாட்டில் அசைத்து விட்டது. ஒப்பந்தம் முடிந்த கூலிகளின் மேல் மூன்று பவுன் தலைவரியும் இருந்தது. தாயோடு சேர்ந்து அப்பெண்ணும் சத்தியாக்கிரகத்தில் இறங்கினாள், சிறை சென்றாள், காய்ச்சலோடு வெளியே வந்தாள். 1914-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 22-ந் தேதி மாண்டாள்; வயது பதினாறு. அடுத்த வருஷம் தாய்நாடு திரும்பிய காந்தியடிகள் தில்லையாடிக்கே வந்து போனார். தான் பிறந்த நாட்டில் ‘நீ அந்நியை’ என்று சட்டம் சொல்லக் கேட்டு வளர்ந்த அப்பெண்ணை, பிறவாத ஊரின் பெயரால் நாம் இன்றும் அழைக்கிறோம். அவளுடைய தமிழ் எப்படி இருந்தது என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

அவளுக்குக் கிடைத்ததும் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடையாததுமான ஒன்று உண்டு. அவளுடைய துயரம் பகிரங்கமாயிருந்தது. அதைச் சூழ ஒரு கூட்டம் இருந்தது. தாயும் அண்டை வீட்டாரும் தலைவர்களும் ஒரே பாதையில் நடந்தார்கள். இன்றைய பிள்ளையின் துயரமோ கதவைச் சாத்திக்கொண்ட துயரம். கூட்டம் இருக்கத்தான் இருக்கிறது. சங்கம் இருக்கிறது, கோவில் திருவிழா இருக்கிறது, பரதநாட்டிய அரங்கேற்றம் இருக்கிறது. அக்கூட்டத்தின் முன்புதான் எதையும் மறைக்க வேண்டியிருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதே முதல் கவலை. வைத்தியரிடம் போனது வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்பது இரண்டாவது கவலை. சமூகமே மருந்தென்று சொல்லுகிறவர்கள், அதே சமூகத்துக்கு அஞ்சித்தான் பிள்ளைகள் மருந்தை மறைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈழத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகள் நிலை இன்னும் கடினம். 1983-ம் வருஷத்து ஜூலைக் கொலைகளுக்குப் பின் அங்கிருந்து ஓடியவர்கள் பலர். 1986-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் கானடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்த பெற்றோர் தாங்கள் கண்டதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொல்லாததும் வீட்டில் ஓர் ஆளைப் போல உலாவுகிறது. யாழ்ப்பாணத்து மனோவைத்தியர் தயா சோமசுந்தரம் போரின் காயம் தனி மனிதரோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் பீடிப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மனவடு என்ற அழகான தமிழ்ச் சொல் ஈழத்தில் வழங்குகிறது. அச்சொல்லை நாமும் எடுத்து வழங்கலாம். பைத்தியம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை நோய்களைத்தான் சுட்டுவது?

நமது நாடு மனநோயை எப்பொழுதும் மறைத்தே வந்தது என்று சொல்வதும் பிசகு. காவேரியின் வடகரையில் குணசீலம் பெருமாள் சந்நிதியில் சித்தம் கலங்கியவர்களை உறவினர் பகிரங்கமாக அழைத்து வந்து ஒரு மண்டலம் தங்குவது பழைய வழக்கம். ஆனால் 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டுண்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட செய்தியையும் நாம் மறக்கவில்லை. நம்பிக்கை வேண்டும், சங்கிலி வேண்டாம், வைத்தியரும் வேண்டும்.

வக்கீல் தொழிலில் பழகிய நாம் சட்டத்தைப் பற்றியும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவனைச் சிறையிலிடும் சட்டத்தை வெள்ளைக்காரன் 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதி, ஏறக்குறைய அதே அச்சை இலங்கைக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோனான். நம் ஜனங்கள் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போயிற்று. இலங்கை அதை 1998-ம் வருஷம் நீக்கியது. சிங்கப்பூரில் 2020-ம் வருஷத்திலும் மலேசியாவில் 2023-ம் வருஷத்திலும் அது ஒழிந்தது. இந்தியாவில் 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று விதித்தது; 2024-ம் வருஷம் ஜூலை மாதம் அமுலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், சர்க்கார் ஊழியரைக் கட்டாயப்படுத்தச் செய்யும் முயற்சி தவிர மற்றவற்றுக்கு அக்குற்றமே இல்லை. ஆனாலும் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருப்பவர்கள் கிராமங்களில் இன்னும் உண்டு. பஞ்சாயத்துத் தலைவர்கள் இதைத் தண்டோராப் போட்டுச் சொன்னாலும் தகும்.

அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு வேர் காட்டும் நாம், நம் வீட்டு வாசலிலேயே நிற்கும் பிள்ளைகளை என்ன செய்தோம்? 1983-ம் வருஷம் முதல் வந்த ஈழ அகதிகளின் மக்கள் நமது முகாம்களில் பிறந்து, நமது பள்ளிகளில் படித்து, நமது தமிழையே பேசுகிறார்கள். 1955-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டப்படி, 1987-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி இரவு முகாமில் பிறந்த குழந்தை இந்தியப் பிரஜை. மறுநாள் காலையில் அடுத்த குடிசையில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராயிருக்க வேண்டும். இல்லையேல் பிறப்பினால் உரிமையில்லை. 2021-ம் வருஷம் சென்னை சர்க்கார் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியதில் மகிழ்ச்சியே. நான் யார் என்ற கேள்வி அங்கே பிறந்த வாலிபனுக்குத் தத்துவ விசாரமன்று. வேலைக்கு மனுப் போடும்போதெல்லாம் காகிதத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். 1995-ம் வருஷம் தஞ்சையில் கூடிய உலகத் தமிழ் மகாநாட்டுக்கு வந்த பேராசிரியர் சிவத்தம்பி போன்ற ஈழ அறிஞர்களையே திருப்பி அனுப்பியவர்கள் நாம். அந்தக் கறை இந்த ஊரின் மேல் இன்னும் இருக்கிறது.

செய்யக்கூடியவை உண்டு. தஞ்சையிலுள்ள தமிழ்ப் பல்கலைக்கழகம் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழோடு மனத் துயரைச் சொல்லும் சொற்களையும் கற்பிக்கும் சிறு நூல் ஒன்றை வெளியிடலாம். அதைப் பெற்றோர் கையிலும் கொடுக்கலாம். மத்திய சர்க்கார் 2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிக்கு 14416 எண், தமிழிலும் பேசலாம். வெளிநாடு போகும் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டும் ஊறுகாயும் எடுத்து வைக்கும் வீட்டார், போகும் ஊரில் மனச் சோர்வுக்குத் தமிழில் யாரிடம் பேசலாம் என்பதையும் விசாரித்து எழுதிக் கொடுக்கட்டும். அயலகத் தமிழர் நல இலாகா அத்தகைய வைத்தியர்களின் ஜாபிதாவை நாடுவாரியாகத் தயாரித்து வெளியிட்டால் பணம் அதிகம் பிடிக்காது.

சுற்றுப் பயணத்தைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தாரைப் பெரிய கோவிலோடு திருப்பி விடாமல் ஒரு நாள் தில்லையாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே வள்ளியம்மை பெயரால் நினைவு மண்டபம் இருக்கிறது. போகும் வழியில் நடவு நடக்கும் காலமாயிருந்தால் வண்டியை நிறுத்தி வரப்பில் இறக்கி விடுங்கள். பிரசங்கம் யாரும் செய்ய வேண்டாம். ஊர் ஜனங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். எதிரே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் தமிழில் பிழை பிடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.