தடை விதிக்கும் அரசும் மௌனம் காக்கும் அரசும்

பிரான்ஸ் குடியுரிமை பெற்று பாரீஸ் அருகே வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். ஆணாகப் பிறந்து, தன்னைப் பெண்ணாக உணரும் 15 வயதுப் பிள்ளை அவருக்கு இருக்கிறது. "இங்கே சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்கள் ஐயா. ஊருக்கே திரும்பிவிட்டால் புதுச்சேரியில் இந்தப் பிள்ளைக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை.

அவருடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. 18 வயதுக்குட்பட்ட திருநர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையைத் தடை செய்யும் மசோதாவை பிரெஞ்சு செனட் 2024 மே 28 அன்று நிறைவேற்றியது. மேலவையின் வாக்கு மட்டும் சட்டமாகிவிடாது; ஆனால், காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை அது காட்டுகிறது. பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளைப் பாலின அடையாளம் சார்ந்து சிறாருக்கு வழங்குவதற்கு விதித்த தற்காலிகத் தடையை, 2024 டிசம்பரில் பிரிட்டன் அரசு காலவரையறையின்றி நீட்டித்தது. அமெரிக்காவில் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய தடைச் சட்டங்களை இயற்றியுள்ளன. டென்னசி மாநிலத்தின் சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் 18 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

இத்தடைகளை ஆதரிப்போர் எல்லோரும் வெறுப்பாளர்கள் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸ் 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கை, இச்சிகிச்சைகளின் நீண்டகால விளைவுகள் பற்றிய ஆதாரங்கள் வலுவற்றவை என்றது. வளரும் உடலில் மாற்ற முடியாத விளைவுகளை உண்டாக்கக்கூடிய மருத்துவத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதை யார் மறுக்க முடியும்? ஆனால், அதே அறிக்கை இப்பிள்ளைகளுக்கு உடல், மனம், குடும்பம் அனைத்தையும் ஒருசேரப் பார்க்கும் மையங்கள் நாட்டின் பல பகுதிகளிலும் வேண்டும் என்றும் சொன்னது. அரசியல்வாதிகள் முதல் பாதியை உரக்கப் படித்தார்கள். இரண்டாம் பாதியை முணுமுணுத்தார்கள்.

ஆதாரம் போதவில்லை என்றால் ஆதாரம் திரட்டுவதே முறை. சுவீடன் 2022இல் இச்சிகிச்சையை வெகுவாகச் சுருக்கியது. ஆனால், அங்கு முடிவெடுத்தது மருத்துவ நிர்வாகம். விதிவிலக்கான நேர்வுகளுக்கும் ஆய்வுக்கும் கதவு திறந்தே இருந்தது. சட்டமன்றம் போடும் தடை அப்படிப்பட்டதன்று. அதன்முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே பிள்ளைதான். மிக இளம் வயதிலேயே பருவமடையும் குழந்தைகளுக்கு அதே மருந்தைத் தர இச்சட்டங்கள் அனுமதிக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். அப்படியானால் இவை மருந்தைத் தடுக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக அதை நாடுவோரையே தடுக்கின்றன.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தடை, தேவையை அழிப்பதில்லை. விலையைக் கூட்டுகிறது, தரத்தைக் குறைக்கிறது, வாங்குபவரை இருட்டுக்குள் தள்ளுகிறது. எல்லைக்கோட்டின் இருபுறமும் மதுவின் விலையும் விதியும் மாறும்போது என்ன நடக்கும் என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் போக முடியாத பிள்ளை, ஹார்மோன் மாத்திரையை மருந்துச் சீட்டின்றி வாங்குகிறது. அளவைத் தோழிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இரத்தப் பரிசோதனை இல்லை. பக்க விளைவைக் கவனிக்க ஆள் இல்லை.

இந்தியாவில் இத்தகைய தடை இல்லையே என்று நாம் பெருமைப்படலாம். தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அறுவைச் சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, ஆலோசனை, காப்பீடு ஆகியவற்றை அரசின் கடமை என்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டுக்கு ஒன்றிய அரசு 2022 ஆகஸ்டில் ஒப்பந்தமும் செய்தது.

ஆனால், அந்த 15ஆம் பிரிவு வயதைப் பற்றி எதுவும் பேசவில்லை. 18 வயதுக்குட்பட்டவரின் அடையாளச் சான்றிதழுக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. காப்பீடோ அந்தச் சான்றிதழைச் சார்ந்தது. பெற்றோர் ஏற்றுக்கொண்ட வீட்டில் இதனால் சிக்கல் இல்லை. ஏற்றுக்கொள்ளாத வீட்டில், உரிமையின் சாவி அதை மறுப்பவர் கையிலேயே இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியேறும் பிள்ளைக்கு நீதிமன்ற ஆணையின் பேரில் மறுவாழ்வு மையம் என்கிறது 12ஆம் பிரிவு. காலங்காலமாக இப்பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவரும் மூத்த திருநங்கையரின் வீடுகள் அதன் கண்ணில் படவில்லை. மேலைநாட்டு அரசுகள் தடையால் செய்வதை நாம் மௌனத்தால் செய்கிறோம். தடையையாவது நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். மௌனத்தை எதிர்த்து எப்படி வழக்காடுவது?

இதில் ஒரு முரணும் உண்டு. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்த 15 வயதுப் பிள்ளையிடம் "இது பெரிய முடிவு, காத்திரு" என்கிறோம். ஆனால், ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடலமைப்போடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்கு, அவர்கள் பேசத் தொடங்கும் முன்பே அறுவைச் சிகிச்சை செய்து ஒரு பாலினத்தைத் தீர்மானித்து வந்தோம். இதைத் தடை செய்யுமாறு 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். உயிருக்கு ஆபத்தான நேர்வுகள் தவிர இச்சிகிச்சைகளைத் தடை செய்து அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. மருத்துவத்தில் அரசு தலையிடலாமா என்றால், தலையிடலாம்: ஒப்புதல் தர முடியாதவரைக் காப்பதற்கு. உதவி கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புவதற்கு அன்று.

தமிழ்நாட்டின் அரசாணை புதுச்சேரிக்குப் பொருந்தாது. ஒரு தெருவைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும் நிலப்பரப்பு நம்முடையது. மாஹே கேரளத்தை ஒட்டியும் ஏனாம் ஆந்திரத்தை ஒட்டியும் கிடக்கின்றன. ஆகவே, நான்கு பகுதிகளுக்கும் பொருந்தும் வகையில் நமக்கென்று தெளிவான, எழுத்துபூர்வமான நெறிமுறை தேவை.

இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'பிற' பிரிவில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் பதிவானவர்கள் 252 பேர். வீட்டில் ஒருவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் கணக்கெடுப்பில், வீட்டாரிடம் சொல்லாதவர்கள் இடம்பெற வழியில்லை. எனவே, உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். அதை எத்தனை மடங்காக வைத்துக்கொண்டாலும், நிதிநிலை அறிக்கையில் இது ஒரு சிறு வரிதான். குழந்தை மருத்துவம், நாளமில்லாச் சுரப்பியியல், மனநலம் ஆகிய துறைகள் ஜிப்மரில் இருக்கின்றன. 18 வயதுக்குட்பட்டோரை யார் பார்ப்பது, எந்த வயதில் எது, யாருடைய ஒப்புதல், எத்தனை அமர்வு ஆலோசனை என்பவற்றை மருத்துவர்களும் திருநர் சமூகத்தினரும் கூடி எழுத வேண்டும். பெற்றோர் மறுத்தால், பிள்ளையின் குரலைக் கேட்கும் ஒரு வழி அதில் இருக்க வேண்டும். சிகிச்சையின் விளைவுகளைப் பெயர் குறிப்பிடாமல் பதிவு செய்துவந்தால், பத்தாண்டுகளில் உலகம் தேடும் ஆதாரத்தில் ஒரு பங்கு நம்மிடமே இருக்கும்.

2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின இணையர் வழக்கொன்றை விசாரித்தபோது, தீர்ப்பு எழுதும் முன் தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று கற்றுக்கொண்டார். பிறகு, இத்தகையோரை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதிகாரம் உள்ளவர் முதலில் கேட்டார், பிறகு முடிவெடுத்தார். இந்த வரிசைதான் நமக்குப் பாடம்.

என் மாணவரை மீண்டும் அழைத்துப் பேசினேன். "இங்கே தடை இல்லை; வழி எதுவென்று எழுதிவைத்த பலகையும் இல்லை" என்றேன். சற்று நேரம் அமைதியாக இருந்தவர், "எதற்கும் பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் ஐயா" என்றார். அரசுகளும் அங்கிருந்தே தொடங்கலாம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)