கைநாட்டு வாங்கினால் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டியுள்ளது மடவார் வளாகம். அங்கே கோவில் கொண்டிருக்கும் சுவாமிக்கு வைத்தியநாதர் என்று பெயர். பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்கு, அவளுடைய தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தல வரலாறு.

வைத்தியர் தாயைப் போல் வர வேண்டும் என்ற ஆசை அந்தக் கதையில் இருக்கிறது. ஆனால், கண் ஆபரேஷனுக்குப் போகும் பாட்டியிடம் பல இடங்களில் ஒரு காகிதத்தைத்தான் நீட்டுகிறார்கள். "இங்கே ரேகை வையுங்கள்" என்கிறார்கள். பாட்டியும் வைத்து விடுகிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. கூட வந்த மகனுக்கும் தெரியாது.

பிறகு பார்வை சரியாக வரவில்லை என்றால், "டாக்டர் கெடுத்து விட்டார்" என்று வழக்கு வருகிறது. டாக்டர் அந்தக் காகிதத்தைக் காட்டுகிறார். அது மட்டும் அவரைக் காப்பாற்றாது. என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து வரலாம், வேறு வழி உண்டா என்பதைச் சொன்ன பிறகு வாங்குவதே சம்மதம் என்று 2008-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

கிருமி செய்த கொடுமை

அதே 2008-ம் ஆண்டு ஜூலை மாதம் தமிழ்நாட்டில் ஒரு கொடுமை நடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவச முகாமில் இருந்து கிராம மக்களை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று கண்புரை ஆபரேஷன் செய்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் பார்வை போயிற்று. கிருமி தொற்றியதே காரணம். விசாரணை சி.பி.ஐ. வரை போனது. இலவசம்தானே என்று யாரும் விட்டுவிடவில்லை. விடவும் கூடாது.

கிருமியைத் தடுக்க வழி உண்டு. ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குள் கிருமிக்கொல்லி மருந்து செலுத்துவது அதில் ஒன்று. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து செலுத்தாதபோது 10 ஆயிரம் கண்களில் 7 கண்களுக்குத் தொற்று வந்தது. செலுத்தியபோது அது 2 ஆகக் குறைந்தது.

அந்த 2 பேர் யார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்லி வைக்க வேண்டும். "வலி எடுத்தாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ நடுராத்திரி ஆனாலும் உடனே வாருங்கள்" என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? டாக்டருக்கு நேரம் இல்லை என்பது உண்மைதான். நர்சு சொல்லலாமே! ஊர்ப் பேச்சில் அவர் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

எந்தக் கண் என்று நோயாளியிடமே கேட்டு, புருவத்துக்கு மேல் அடையாளம் இட வேண்டும். லென்சின் அளவை இருமுறை சரிபார்க்க வேண்டும்.

டாக்டருக்கும் பாதுகாப்பு

பலன் கிடைக்கவில்லை என்பதற்காகவே டாக்டர் மீது குற்றம் சொல்ல முடியாது என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஒழுங்காக வேலை செய்த டாக்டர் பயப்பட வேண்டியது இல்லை. ஆனால், ஒழுங்காகச் செய்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும் அல்லவா? அந்தச் சாட்சி அன்றன்றைக்கு எழுதி வைத்த கேஸ் தாள்தான். வழக்கு வந்த பிறகு திருத்திய தாள், எழுதாத தாளைவிட மோசம்.

நோயாளி கேட்டால் அந்தத் தாள்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு வந்த மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. இதைப் பல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளிடம் சொல்வதே இல்லை. வாசல் பலகையில் எழுதி வைத்தால் என்ன?