மொறிஸ் மைனருக்கு ஏன் இந்த அவசரம்?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களிடம் பேசினால், ஓர் ஆசை அடிக்கடி தலைகாட்டும். இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டு, அழுத்தம் கூடிய ஹெட் ஒன்றைப் பூட்டினால் வண்டி பறக்கும் என்பதே அது. அவசரம் வேண்டாம் என்பது என் கட்சி.

1956இல் வந்த மைனர் 1000இன் 948 சி.சி. எஞ்சின் இரண்டு அழுத்த விகிதங்களில் வெளியானது: ஒன்று 8.3:1, மற்றது தரங்குறைந்த பெற்றோலுக்கான 7.2:1. எஞ்சின் இலக்கத்திலுள்ள 'எச்' அல்லது 'எல்' என்ற எழுத்து எது எதுவென்று சொல்லிவிடும். காசை எடுக்குமுன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

7.2ஐ 8.3ஆக உயர்த்தினால், ஏட்டுக் கணக்கின்படி கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இழப்போ பெரிதாகலாம். கொழும்பு வெயிலில், காலி வீதி நெரிசலில் ஊர்ந்து செல்லும் எஞ்சின் கொதிக்கும். சுவாலை வந்து சேருமுன்னரே மீதிக் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நொக்கிங்' என்பது இதைத்தான். ஹெட் கஸ்கெட்டும் பிஸ்டனும் அதற்கு இரையாகும்.

இப்போது 95 ஒக்டேன் பெற்றோல் கிடைக்கிறதே என்பீர்கள். நியாயமான கேள்வி. தொழிற்சாலையே வகுத்த 8.3 வரை, எஞ்சினின் அடிப்பாகம் திடமாக இருந்து, தீப்பொறி நேரமும் சரிசெய்யப்பட்டால், நான் மறுக்கமாட்டேன். ஆனால் இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே காப்பாக இருந்தது. ஆகவே ஹெட்டைக் கழற்றினால், முதற் செலவு கடினப்படுத்திய வால்வு இருக்கைகளுக்கே ஆகட்டும்.

அதற்கும் அப்பால், ஹெட்டைச் சீவிச் சீவி விகிதத்தை ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். சீவிய இரும்பு மீண்டும் வளராது.

இது வெறும் பொழுதுபோக்கு விவகாரமன்று. 1990களில் தொடந்துவையில் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்த நாடு இது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கையிலிருந்ததைப் பேணத் தெரிந்தவர்களின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. அந்தக் கைத்திறனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, வண்டியை அதன் இயல்பில் ஓடவிடுவதே.

மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழற்றிய ஹெட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தலைமுறைக்கு அது வேண்டியிருக்கும்.